சொக்கு கையில் என் வாட்ச்

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் ஓட்டக் குழுவின் மார்கழிப் போட்டியும் இன்றுதான் தொடங்கியது. ஓடுகிறவர்கள் நாட்குறிப்பு எழுதினால் நல்லது என்று ஆடிட்டர் பரமகுரு குழுவில் உபதேசம் செய்திருக்கிறார். அவர் எழுதும்போது நான் எழுதாமல் இருப்பேனா? என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு பிரேம் கம்பெனி கொடுத்த பழைய டைரி ஒன்று சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

போட்டி இதுதான். மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் ஓட வேண்டும். ஓட்டத்துக்கு மதிப்பெண் உண்டு, இரவுத் தூக்கத்துக்கும் உண்டு. கையில் கட்டியிருக்கும் வாட்ச் செயற்கைக்கோளைப் பிடித்து நாம் ஓடின பாதையை வரைந்துவிடும். ராத்திரி எவ்வளவு ஆழமாகத் தூங்கினோம், நெஞ்சு எப்படி அடித்தது என்பதையும் குறித்துவைத்து போனுக்கு அனுப்பும். போன் அதைக் குழுவின் பட்டியலுக்கு அனுப்பும். ஒரு நாள் விட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே.

மகள் பெங்களூரிலிருந்து இந்த வாட்ச்சை அனுப்பியபோது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற அப்பன் கொஞ்சம் நடக்கட்டும் என்றுதான் அனுப்பினாள். நான் ஓடவே ஆரம்பித்துவிட்டேன். ஐம்பது வயதில் தனுஷ்கோடிக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"தூங்குறதுக்குமா மார்க்கு?" என்றாள் என் மனைவி லோசனி. "அப்ப குறட்டைக்கு எவ்வளவு குறைப்பாங்க?"

டிசம்பர் 19, வெள்ளி

இரண்டாம் இடம். பரமகுரு முதலிடம். அந்த மனிதர் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார் போலிருக்கிறது.

காலையில் வழக்கம்போல் சொக்குவும் கூட ஓடினான். சொக்கநாதன் லோசனியின் தம்பி, அடுத்த தெருவில் வீடு, கூரியர் ஆபீசில் மேலாளர். வாட்ச் கிடையாது, ஓட்டத்துக்கென்று ஷூ கூடக் கிடையாது. கிரிக்கெட் ஆடும்போது வாங்கின பழைய கேன்வாஸைப் போட்டுக்கொண்டு வருவான். நான் வண்டியூர் கண்மாய்க் கரையை மூச்சிரைக்கச் சுற்றும்போது அவன் ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டே பக்கத்தில் வருவான். எனக்காகத்தான் மெதுவாக ஓடுகிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் ஒரு நாளும் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

டிசம்பர் 22, திங்கள்

போச்சு.

மூன்றாவது தெருவில் ஒரு வீட்டு வாசலில் தெருவையே அடைத்துத் தேர்க்கோலம் போட்டிருந்தார்கள். நடுவில் பூசணிப்பூ வேறு. யாரோ விடியலுக்கு முன்னால் எழுந்து, குனிந்து குனிந்து போட்டது. மிதிக்க மனம் வரவில்லை. எட்டித் தாண்டினேன். தாண்டின கால் சாக்கடை மூடியின் ஓரத்தில் போய் இறங்கியது. கணுக்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. சொக்குதான் தோளில் சாய்த்து வீடு கொண்டுவந்து சேர்த்தான். எலும்பு முறியவில்லையாம், ஆனால் பொங்கல் கழிகிற வரைக்கும் ஓடக் கூடாதாம்.

வாழ்க்கையில் நான் எதிலும் முதலாவதாக வந்தவன் இல்லை. இதிலாவது வந்துவிடுவேன் என்று நினைத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். 

டிசம்பர் 23, செவ்வாய்

சொக்கு இன்று காலை தனியாக ஓடினான், என் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு. நேற்று சாயங்காலம் பேச்சுவாக்கில் வந்த யோசனை. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. அவனுக்கென்ன, எப்படியும் ஓடத்தானே போகிறான்.

"கையில ஒண்ணு கிடந்தா கிடந்துட்டுப் போகுது மாமா," என்றான். "தூங்கும்போதும் கட்டிக்கணுமா?"

"ஆமாடா. அதுக்கும் மார்க்கு இருக்குல்ல."

"அக்காட்ட என்ன சொல்ல?"

லோசனியிடம், தம்பி ஆசைப்பட்டான், கொஞ்ச நாள் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. மதியம் சாப்பாட்டில் எனக்கு அப்பளம் இரண்டு கூடுதல்.

குழுவில் கால் அடிபட்டதைப் பற்றிச் சொல்லவில்லை. இனி கண்மாயின் கிழக்குப் பக்கம் தனியாக ஓடப்போவதாகப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

இரண்டாம் இடத்திலேயே இருக்கிறேன். இருக்கிறோம்.

டிசம்பர் 26, வெள்ளி

சொக்கு ஓட்டத்தில் பின்னுகிறான். நேற்று "என்" வேகத்தைப் பார்த்துவிட்டு பரமகுருவே கைதட்டுகிற பொம்மை அனுப்பியிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் சார் என்று ஒருவர் கேட்டிருந்தார். கேழ்வரகுக் கூழ் என்று பதில் போட்டேன்.

தூக்கத்தில்தான் கோட்டை விடுகிறான். காபி குடிக்க வீட்டுக்கு வந்ததும் வாட்ச்சிலிருப்பது என் போனில் வந்து இறங்கும். பார்த்தால் ராத்திரி ஆழ்ந்த தூக்கமே இல்லை. அதோடு ஒரு செய்தி வேறு: ஓய்வில் இருக்கும்போது இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள். நேற்றும் இதே செய்தி. அதற்கு என்ன தெரியும்? என் வயதும் என் எடையும்தான் அதில் பதிந்திருக்கின்றன. வேறொருத்தன் கையில் கட்டினால் குழம்பத்தானே செய்யும்.

"ராத்திரி ரெண்டு மூணு தடவ கையில குறுகுறுன்னு அதிருது மாமா. முழிச்சுக்கிறேன்," என்றான் சொக்கு. "அப்புறம் தூக்கம் வர மாட்டேங்குது."

அப்புறம் எப்படி மதிப்பெண் வரும்? போனில் தேடிப்பிடித்து அந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்டேன். இனி தொல்லை இல்லை.

கடைக்குப் புது பிரேம்கள் வந்து இறங்கின. பாதிக்கு மேல் சிவப்பு. யார் போடுவார்கள்?

டிசம்பர் 29, திங்கள்

தூக்கம் கொஞ்சம் தேறியிருக்கிறது. நான் செய்தது சரிதான்.

சொக்கு மாடிக்கு வரும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். என்னடா என்றால், "ஒண்ணுமில்ல மாமா, நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்று சிரித்தான். வாயு என்று லோசனி ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். ஆபீஸ் விருந்துச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை ஒரு கை பார்த்திருக்கிறான். குடித்ததும் சரியாகிவிட்டது என்றான்.

ஜனவரி 1, வியாழன்

முதலிடம்!

போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். பட்டியலின் உச்சியில் என் பெயர். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "சார் என்ன ஒரே சிரிப்பா இருக்கீங்க?" என்று கேட்டார். புது வருஷம்தானே என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் சொக்கு போன் செய்தான்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுரவா? ஒடம்பு என்னமோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். நான் வற்புறுத்தவில்லை. "உன் இஷ்டம் மாப்ள. இம்புட்டு தூரம் வந்துட்டோமேன்னுதான் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.  பிறகு, "சரி, மெதுவாவது ஓடிட்டு வாரேன்" என்றான்.

ஓடினான். மெதுவாகத்தான். ஆனாலும் முதலிடம் போகவில்லை.

ஜனவரி 7, புதன்

சொக்கு ஆஸ்பத்திரியில். இன்று எழுத முடியாது.

ஜனவரி 8, வியாழன்

நேற்று ஓடிவிட்டுக் குளித்து ஆபீசுக்குப் போனவன், நாற்காலியிலிருந்து எழுந்தபோது அப்படியே சரிந்துவிட்டான். ஆபீஸ் ஆட்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நானும் லோசனியும் போனபோது அவன் மனைவி பொன்மணி வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் ஓர் இளம்பெண். பொறுமையாக எடுத்துச் சொன்னார். இதயம் தாறுமாறாக அடிக்கிறது. இரண்டு நாளுக்குள் ஆரம்பித்த கோளாறு என்றால், உடனே மின்சாரம் கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு முன்பே இருந்தது என்றால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். முதலில் அதற்கு மருந்து கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

"எப்போலருந்து இப்படி இருக்கு?"

"நேத்து ராத்திரிதான் படபடன்னு வருதுன்னாரு டாக்டர். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே சொன்னதில்ல," என்றாள் பொன்மணி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க தினமும் பாக்குறவங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பொன்மணி சொன்னதையேதான் நானும் சொன்னேன்.

மின்சாரம் கொடுத்தார்கள். துடிப்பு ஒழுங்காகிவிட்டது. இன்று கண் விழித்து, "பயந்துட்டீங்களா மாமா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நல்லபடியாக முடிந்தது. இனி பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

அவன் செயினையும் மோதிரத்தையும் வாட்ச்சையும் ஒரு உறையில் போட்டு நர்ஸ் லோசனியிடம் கொடுத்தாள். வாட்ச்சைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மச்சினனுக்குன்னு கையில கெடந்ததக் கழட்டிக் குடுக்குற மனசு யாருக்கு வரும்?" என்று பொன்மணியிடம் சொன்னாள்.

ஜனவரி 9, வெள்ளி

சொக்கு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கடையைத் திறக்கவில்லை. இந்தப் பனியில் விடியற்காலையில் ஓடியதுதான் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்று லோசனியிடம் சொன்னேன். அந்தக் கூரியர் ஆபீஸும் ஆளைச் சக்கையாகப் பிழிகிறது.

குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

ஜனவரி 10, சனி

காலையில் காபி டம்ளர் அவன் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவனால் எடுக்க முடியவில்லை. வலது கை தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பொன்மணியைப் பார்த்து ஏதோ சொன்னான். அது வார்த்தையாக இல்லை.

இதயத்துக்குள் இருந்த ரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்கு மறைக்காமல் எழுதுகிறேன். அவனிடம் வாட்ச்சைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டது நான்தான். அவன் சொன்ன யோசனை இல்லை அது. வாட்ச் சொன்னதைப் படித்தவன் நான். அதன் வாயை அடைத்தவனும் நான். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டபோது போன் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. லோசனி பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் நான் போட்டியில் ஏமாற்றினவனாக ஆகிவிடுவேனே என்று பயந்தேன். உயிரைவிடவா அது பெரிது என்று இப்போது கேட்கத் தெரிகிறது. அப்போது அந்தக் கேள்வியே மனதில் எழவில்லை, மானம் போய்விடும் என்பது ஒன்றுதான் இருந்தது.

மதியம் டாக்டரைத் தனியாகப் பார்த்துப் போனைக் காட்டினேன். நின்றபடியே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸ்லருந்து எச்சரிச்சிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணையும் காணோமே. யார் நிறுத்துனது?"

"நான்தான் மேடம்."

"புதன்கிழமை நான் உங்களப் பாத்துத்தான சார் கேட்டேன்?"

தலையாட்டினேன்.

"இத அன்னிக்குக் காட்டியிருந்தீங்கன்னா, மருந்து குடுத்துக் காத்திருந்து, அப்புறந்தான் கரண்ட் குடுத்திருப்பேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே பாக்க வேண்டியது நான் பாத்துக்கிறேன். வீட்ல சொல்றது உங்க பாடு."

சொல்லவில்லை. லோசனி ஆஸ்பத்திரிப் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதன் பிறகு எப்படிச் சொல்வது?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எங்கள் இரண்டு வீட்டிலும் பானை ஏற்றவில்லை. மார்கழி முடிந்து போட்டியும் முடிந்திருக்கும். யார் ஜெயித்தார் என்று நான் பார்க்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

சொக்குவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது காலை இழுத்து இழுத்து வைக்கிறான். பேச்சு திரும்பிவிடும், ஆனால் மெதுவாகத்தான் வரும் என்கிறார்கள். நாம் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிகிறது. பதில்தான் வர மாட்டேன் என்கிறது. தண்ணீர் என்று சொல்ல நினைத்து, வராமல், தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். அவன் மகள் ஆதிரை ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தினமும் காலையில் நான்தான் அவனைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போகிறேன். கடையை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறேன். முன்பு எனக்காக அவன் மெதுவாக ஓடினான். இப்போது அவனுக்காக நான் மெதுவாக நடக்கிறேன். ஈடாகிவிடுமா? ஆகாது. தெரிந்துதான் நடக்கிறேன்.

பொன்மணி இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டாண்ணே" என்றாள். 

பிப்ரவரி 6, வெள்ளி

சொல்ல வேண்டும் என்று போனேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றும்தான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நடந்துவிட்டு வந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். லோசனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் குக்கர் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. சொக்கு என் முழங்காலைத் தட்டினான். ஏதோ சொல்லப் போகிறான் என்று தெரிந்தது. இரண்டு வாரமாக ஒற்றை ஒற்றை வார்த்தையாக வந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம்.

"மா... மாமா... ஜெ... ஜெயிச்... சீங்களா?"

பொன்மணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முழுசாப் பேசிட்டாரு! அண்ணி, முழுசாப் பேசிட்டாரு!" என்று கைகொட்டினாள். லோசனி மட்டும் கீரையைக் கீழே வைத்தாள்.

"எதுல ஜெயிக்கிறது? எதடா கேக்குற?"

சொக்கு இடது கையின் மணிக்கட்டை, வாட்ச் கட்டியிருந்த இடத்தை, வலது கையால் தொட்டுக் காட்டப் பார்த்தான். அந்தக் கை எழவில்லை. என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு பக்கத்தில்தான் வந்தது. அவன் மனதில் ஒரு துளி விகல்பம் இல்லை. மாமாவுக்காக ஓடினோமே, பலன் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். இத்தனை நாள் அந்தக் கேள்வியைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு தவித்திருக்கிறான்.

"இல்ல மாப்ள," என்றேன். பிறகு மற்றவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். போட்டியை, வாட்ச்சைக் கொடுத்ததை, வந்த எச்சரிக்கையை, நிறுத்தியதை, டாக்டர் கேட்டபோது மறைத்ததை.  குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. பொன்மணி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்த டாக்டரம்மா கேட்டப்போ நீங்க என் பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமாம்மா."

"நான் நேத்து ராத்திரிலருந்துன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க?"

"ஆமாம்மா."

 சொக்கு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "வி... விடு" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

வீடு வந்து சேரும்வரை லோசனி எனக்கு முன்னால் நடந்தாள். கதவைத் திறக்கும்போது ஒன்று சொன்னாள். "நாளைலருந்து என் தம்பிய நான் நடக்கக் கூட்டிட்டுப் போறேன். நீங்க போக வேணாம்."

பிப்ரவரி 18, புதன்

லோசனி போனாள். நான் கடையைக் காலையிலேயே திறந்துவிட்டேன். செய்ய வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

சொக்கு இரண்டு நாளாக நடக்கவில்லையாம். லோசனி கையைப் பிடித்தால் வாசல்வரை வருகிறான், அங்கேயே நின்றுவிடுகிறானாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். என்னோடு பேசுவது சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு சரி.

அவனைக் கெடுத்தவனும் நான்தான். இப்போது அவன் நடக்காமல் கிடப்பதற்கும் நான்தான் காரணம். அழுதேன். கடையில், கண்ணாடி சோதிக்கிற அறையின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் லோசனி அவர்கள் வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கூடத்தில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்களத்தான் கேக்குறான். போங்க" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.  சொக்கு சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் முகம் ஒரு பக்கம் மலர்ந்தது. "மாமா" என்றான், திக்காமல்.

பொன்மணி அவன் அருகில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. அண்ணே என்று கூப்பிடவில்லை. அவன் வலது கையைத் தூக்கி, குழந்தையை ஒப்படைக்கிறதுபோல் என் கையில் வைத்தாள்.

"அவரு முடியலன்னு சொன்னா, உடனே கூட்டிட்டு வந்துரணும்," என்றாள்.

"சரிம்மா."

தெருமுனை வரை போனோம். வழியில் இரண்டு தடவை அவனிடம் கேட்டேன், முடிகிறதா என்று. இரண்டு தடவையும் தலையாட்டினான். திரும்பிப் பார்த்தபோது பொன்மணி கேட்டைப் பிடித்தபடி, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் வந்து சேர்கிறவரை உள்ளே போகவில்லை.